உன் இடது காது

காலையில் நீ பூண்டு தின்றாயா இல்லையா என்பது
உன் மனைவிக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும், கோச்சா.
பன்னிரண்டு வருடம்
என் வலது காதும் உன் இடது காதும்
உரசி உரசி
பிசைந்து எறிந்த மாவுபோல் உருவிழந்தன.
என் இடது காது பரவாயில்லை.
அந்தப் பக்கம் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

குனி. பிடி. மோது.
நடுவர் கத்தும் இந்த மூன்று சொல்தான்
நீ முதலில் கற்ற பிரெஞ்சு.
குத்தாயிசியிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பையன்
ரொட்டிக்கடையிலும் அதையே சொல்லிப் பார்த்தாய்.
கடைக்காரி இரண்டு ரொட்டி கொடுத்தாள்.

ஒப்பந்தம் நாற்பது பக்கம்.
கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாய்.
நான் சாட்சி.
நடுவில் என்ன எழுதியிருந்தது என்று
நீயும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை.

பந்தை உதைப்பவனுக்கு
நம் இருவர் சம்பளத்தைக் கூட்டியதைவிட அதிகம்.
அவன் சட்டை ஆட்டம் முடிந்தும் வெள்ளையாக இருக்கும்.
ஸ்க்ரம் வந்தால் தொலைக்காட்சி பார்ப்பவர்கள்
பீர் எடுக்க எழுந்து போவார்களாம்.
அவர்கள் குளிர்பெட்டியைத் திறந்து மூடுவதற்குள்
எண்ணூறு கிலோ
உன் கழுத்து வழியாகப் போய் என் கழுத்து வழியாகத் திரும்பும்.

இருநூற்றுப் பதினேழு ஆட்டம், ஒரே ஒரு ட்ரை.
கோட்டுக்கு அரை முழம் இருக்கும்போது விழுந்தாய்,
உன்மேல் ஏழு பேர்.
நடுவர் நான்கு நிமிடம் வீடியோ பார்த்தார்.
புள்ளி கொடுத்தார்.
பேருந்தில் கேட்டேன்: பந்து தரையைத் தொட்டதா?
தெரியாது என்றாய்.
தொட்டது என் மூக்கு, அது மட்டும் நிச்சயம்.

கேத்தோவுக்கு நான்கு வயதில்
கிளப் ஆல்பத்தைப் புரட்டி அப்பாவைத் தேடினாள்.
முதுகுகள். தொடைகள். சேறு.
அதோ அதுக்கு அடியில் இருக்கிறேன் என்று காட்டினாய்.
அவள் பக்கத்தைத் தூக்கி
அடியில் பார்த்தாள்.

பிப்ரவரி, வெளியூர், மழை.
எழுபத்தோராவது நிமிடம்.
புல் பாய்போல் சுருண்டு எங்கள் காலை வாரியது.
ஒரு சத்தம்,
ஈரக் கயிறு அறுந்த மாதிரி.
உன் கழுத்தா என் கழுத்தா
ஒரு கணம் தெரியவில்லை.
நான் என் கால்விரல்களை அசைத்துப் பார்த்தேன்.
அசைந்தன.
அப்பாடா என்றிருந்தது.

அந்த அப்பாடாவை
இன்றுவரை உன்னிடம் சொல்லவில்லை.
மருத்துவமனையில் உனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தபோதும்
சொல்லவில்லை.

கறுப்புப் படத்தை விளக்கில் மாட்டி
மருத்துவர் பேனாவால் ஓர் எலும்பைத் தொட்டார்.
நடக்கலாம், வண்டி ஓட்டலாம்,
பிள்ளையைத் தூக்கலாம், ரொம்ப நேரம் வேண்டாம்.
நீ கேட்டது ஒன்றுதான்:
ஏப்ரலில் விளையாடலாமா?
அன்றிரவு ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தோம்.
முப்பத்தொன்றாம் பக்கம்.
நான் உரக்கப் படித்தேன்.
பிரெஞ்சு இப்போது உனக்கு நன்றாகவே புரியும்.
இரண்டாம் முறை படிக்கச் சொல்லவில்லை.

பிரிவு விருந்தில் என்னைக் கழிப்பறைக்குக் கூப்பிட்டாய்.
இடது கை விரல்களுக்கு உணர்வில்லை.
சட்டையின் மேல் பொத்தான்.
உன் எதிரே நின்றேன்.
இத்தனை வருடத்தில் உன் முகத்தை
இவ்வளவு கிட்டத்தில், நேராக,
நான் பார்த்ததே இல்லை.
புருவத்தில் ஒரு தையல், எனக்குத் தெரியாதது.

ஐம்பத்திரண்டு அங்குலச் சுற்றுக்கு எவன் சட்டை தைப்பான்?
இழுத்தேன், இன்னும் இழுத்தேன்,
பொத்தான் துளைக்கு எட்டவில்லை.
நீ மூச்சை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தாய்.
டையை ஏற்றிக் கட்டி மறைத்தேன்.

வெளியே ஒலிபெருக்கியில்
உன் குடும்பப் பெயரைத் தப்பாகச் சொல்லி அழைத்தார்கள்,
எப்போதும்போல.
நீ போனாய்.
நான் குழாயைத் திறந்து
கொஞ்ச நேரம் கை கழுவினேன்.